"அடுத்த தட்டுப்பாடு வந்தா எல்லாம் வித்துடும்"னு கொழுந்தனார் சொல்றார், வீடு ஏலத்துக்கு போயிடுமோன்னு பயமா இருக்கு (வாசகர் கேள்விக்கு வக்கீல் பதில்)

அவிநாசி பக்கத்துல இருந்து ஒரு சகோதரி நாலு பக்கம் கைப்பட எழுதி, போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. பேரு, ஊரு, பேங்க் பேரு எல்லாத்தையும் எடுத்துட்டேன், ஆளு தெரிஞ்சிடக் கூடாதுன்னு ரெண்டு மூணு விவரத்தை மாத்தியும் இருக்கேன். விஷயம் சுருக்கமா இதுதான்.

அவங்களுக்கு 41 வயசு. வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் சேர்ந்து 14 மெஷின் போட்டு பனியன் ஜாப் வொர்க் பண்ணிட்டு இருந்தாங்க. 2020 லாக்டவுன்ல பனியன் ஆர்டர் எல்லாம் நின்னு போச்சு, அப்ப மாஸ்க் தைக்க ஆரம்பிச்சு, அப்புறம் டாக்டருங்க போடற கவரால் தைச்சு கொடுத்திருக்காங்க. "மூணு மாசத்துல மூணு வருஷ காசு பார்த்தோம்ங்க, அதுதான் எங்களைக் கெடுத்துச்சு"ன்னு அவங்களே எழுதியிருக்காங்க. அந்த வேகத்துல 2020 செப்டம்பர்ல மாமியார் வீட்டுப் பத்திரத்தை வெச்சு 32 லட்சம் லோன் போட்டு, மூணு லேயர் மாஸ்க் போடற ஆட்டோமேட்டிக் மெஷின் ஒண்ணும், தையல் மேல டேப் ஒட்டற சீம் சீலிங் மெஷின் ரெண்டும் வாங்கியிருக்காங்க. மே மாசம் 9 ரூபாய்க்கு போன மாஸ்க், மெஷின் வந்து இறங்கின நவம்பர்ல 2 ரூபா, அடுத்த வருஷம் ஒண்ணே கால் ரூபா. இப்ப குடோன்ல ரெண்டேகால் லட்சம் மாஸ்க்கும் 600 கவராலும் மூட்டை மூட்டையா கிடக்குது. ஒரு வியாபாரி 9 லட்சத்துக்கு கவரால் எடுத்துட்டு பணம் தரலை.

இருந்தாலும் பனியன் ஜாப் வொர்க் காசுல மாசம் 62,000 தவணை கட்டிட்டே வந்திருக்காங்க. 2025 ஆகஸ்ட் 27-ல இருந்து அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் மேல இருக்கற எக்ஸ்போர்ட்காரங்களுக்கு ஆர்டர் குறைஞ்சு, இவங்களுக்கும் வேலை குறைஞ்சு, நாலு தவணை விட்டுப் போச்சு. இப்ப பேங்க்ல இருந்து 21 லட்சத்து 40 ஆயிரம் கட்டச் சொல்லி 60 நாள் நோட்டீஸ், அதுல 19 நாள் போயிடுச்சு.

கொழுந்தனார் மூணு யோசனை சொல்றாராம். ஒண்ணு, மாஸ்க் பெட்டியில தேதியை மாத்தி ஒட்டி வெச்சுக்கலாம், அடுத்த வைரஸ் வந்தா ஒரே வாரத்துல வித்துடும். ரெண்டு, மாஸ்க் மெஷினை சத்தமில்லாம வித்துடலாம். மூணு, சானிட்டரி நாப்கின் மெஷின் போடலாம், மெஷின் விக்கறவங்களே சரக்கை திருப்பி வாங்கிக்கறேன்னு அக்ரிமெண்ட் போட்டு தர்றாங்களாம், அதுக்கு காங்கயம் பக்கம் அப்பா கொடுத்த 5 சென்ட் சைட்டை இந்த சகோதரி அடமானம் வெச்சுத் தரணும். "கவர்மெண்டே நம்ம நாட்டுலயே எல்லாம் செய்யணும்னுதான சொல்லுது, அப்ப அவர் சொல்றது சரிதானுங்களே? கையெழுத்து போடலைன்னா குடும்பத்துக்கு துரோகம் பண்ற மாதிரி பேசறாங்க"ன்னு முடிச்சிருக்காங்க.

சகோதரி, வணக்கம். உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். வீடு போற ஸ்டேஜ் இன்னும் வரலை, அதை மொதல்ல மனசுல வெச்சுக்கோங்க, ஆனா கையில இருக்கற 41 நாளை வீணாக்கினா வரும். மத்தபடி உங்க வீட்டுல நடந்தது உங்க வீட்டுல மட்டும் நடந்ததில்லை. போன வருஷம் பல்லடம் பக்கம் என்கிட்ட கேஸ் கொடுத்திருக்கற ஒருத்தர் யூனிட்டுக்கு போயிருந்தேன், இதே மாஸ்க் மெஷின், கன்வேயர் பெல்ட் மேல சின்ன வெங்காயம் பரப்பி வெச்சிருந்தாங்க. "நல்லா காத்தோட்டமா இருக்குதுங்க"ன்னார். சிரிக்கறதா என்ன பண்றதுன்னு தெரியலை எனக்கு.

நோட்டீஸ்ல இருக்கற 60 நாள்

உங்களுக்கு வந்திருக்கறது சர்ஃபாசி சட்டத்துல, அதாவது கோர்ட்டுக்குப் போகாமலே அடமான சொத்தை பேங்க் எடுத்து விக்க வழி கொடுக்கற சட்டத்துல, 13(2) பிரிவு நோட்டீஸ். இது வந்ததும் ரெண்டு விதமா தப்பு பண்ணுவாங்க நம்ம ஆளுங்க. ஒண்ணு பயந்து போய் கந்து வட்டிக்கு வாங்கி கட்டறது, இன்னொண்ணு "கோர்ட்ல ஸ்டே வாங்கிக்கலாம்"னு நோட்டீஸை சாமி படத்துக்குப் பின்னாடி செருகி வெச்சிடறது. சிவில் கோர்ட்டுக்கு இதுல தலையிட அதிகாரம் கிடையாது. பேங்க் 60 நாள் முடிஞ்சு அடுத்த நடவடிக்கை எடுத்த பிறகு, 45 நாளுக்குள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு போகலாம், கோயமுத்தூர்லயே இருக்கு. அதுக்கு முன்னாடி உங்க கையில இருக்கற ஆயுதம் ஒண்ணே ஒண்ணு, எழுத்துல பதில் கொடுக்கறது. பதில் கொடுத்தா பேங்க் 15 நாளுக்குள்ள எழுத்துல மறுபதில் சொல்லியே ஆகணும்.

அந்த பதில்ல என்ன எழுதணும்ங்கறதுதான் முக்கியம். 25 கோடி வரைக்கும் கடன் இருக்கற சிறு தொழிலுக்கு நெருக்கடி வந்தா, உடனே சொத்து மேல கை வைக்காம, ஒரு கமிட்டி வெச்சு தவணையை மாத்தி அமைக்கலாமா, வழி இருக்கான்னு பார்க்கணும்னு ரிசர்வ் பேங்க் 2016 மார்ச்ல ஒரு விதிமுறை போட்டிருக்கு. சுப்ரீம் கோர்ட் 2024 ஆகஸ்ட்ல இது பேங்கை கட்டுப்படுத்தும்னு சொல்லுச்சு, ஆனா கூடவே கடன் வாங்கினவங்களும் சும்மா உக்காந்திருக்கக் கூடாது, நாங்க சிறு தொழில், எங்களுக்கு இந்த வசதி வேணும்னு நேரத்துல எழுதிக் கேட்கணும்னும் சொல்லுச்சு. வீட்டை ஏலம் விட்ட பிறகு போய் கேட்டா எடுபடாது. அதனால உத்யம் சர்டிபிகேட் (சிறு தொழில்னு அரசாங்கத்துல பதிவு பண்ணின சான்று), எக்ஸ்போர்ட்காரங்க ஆர்டர் குறைச்ச மெயில், முன்ன எவ்வளவு ஜாப் வொர்க் பில் போட்டீங்க இப்ப எவ்வளவுங்கற கணக்கு, நாலரை வருஷத்துக்கு மேல ஒழுங்கா தவணை கட்டின ஸ்டேட்மெண்ட் எல்லாம் சேர்த்து, உறுதிமொழிப் பத்திரத்தோட பதில் போகணும். ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பி, பிராஞ்ச்லயும் ஒரு காப்பி கொடுத்து சீல் வாங்கிடுங்க.

நோட்டீஸ்ல 21 லட்சத்து 40 ஆயிரம்னு இருக்கறதைப் பார்த்து நீங்க மிரண்டிருக்கீங்க. விட்டுப் போன தவணை, அதுக்கான வட்டி எல்லாத்தையும் பாக்கியில்லாம கட்டிட்டா கணக்கு வாராக்கடன்ல இருந்து திரும்ப நல்ல கணக்கா மாற விதி இடம் கொடுக்குது. உங்க கணக்குப்படி அது ரெண்டரை மூணு லட்சத்துக்குள்ள வரும். பாதி கட்டினா ஆகாது, முழு பாக்கியும் கட்டணும். 21 லட்சம் புரட்டறதுக்கும் மூணு லட்சம் புரட்டறதுக்கும் உள்ள வித்தியாசம் நான் சொல்லணும்னு இல்ல.

அப்புறம் மாமியார் விஷயம். "அவங்க சும்மா சாட்சி கையெழுத்துதான் போட்டாங்க"ன்னு எழுதியிருக்கீங்க. இல்லைங்க, பத்திரத்தை வெச்சுக் கொடுத்தவங்க அவங்க, ஜாமீன்தாரரும் அவங்கதான். மகன்கிட்ட கேட்டு முடிச்சிட்டுதான் ஜாமீன்தாரர்கிட்ட வரணும்னு சட்டத்துல இல்ல, பேங்க் நேரா அவங்ககிட்டயே வரலாம். பாவம், அவங்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொன்ன மாதிரி தெரியலை.

சத்தமில்லாம மெஷினை விக்கறது

வேண்டவே வேண்டாம். மெஷின் பேங்க் பேர்ல அடமானத்துல இருக்கு. நோட்டீஸ் வந்த பிறகு பேங்க்கோட எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாம அதை வித்தா அது தனிக் குற்றம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் தண்டனை இருக்கு. கொழுந்தனாருக்கு இது தெரியாதுன்னு நினைக்கிறேன், கோவிச்சுக்காம எடுத்துச் சொல்லுங்க. ஆனா அந்த மெஷினை விக்கறது நல்ல யோசனைதான், பேங்க்ல சொல்லிட்டு வித்து அந்தக் காசை லோன்ல கட்டினா அவங்களும் சந்தோஷமா ஒத்துக்குவாங்க. மாஸ்க் மெஷினுக்கு பழைய இரும்பு விலைதான் வரும், அதை ஏத்துக்கோங்க. சீம் சீலிங் மெஷின் ரெண்டையும் மட்டும் அவசரப்பட்டு தள்ளாதீங்க, மழைக்கோட்டு, டெண்ட், வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட் தைக்கறவங்களுக்கு அந்த டேப் ஒட்டற வேலை வேணும், அதை வாங்க முடியாத சின்ன யூனிட்டுங்க உங்க ஏரியாலயே இருக்காங்க. மீட்டருக்கு இவ்வளவுன்னு ஜாப் வொர்க் கேட்டுப் பாருங்க.

குடோன்ல கிடக்கற சரக்கு பதுக்கலா?

இல்லை, இந்த பயத்தை விட்டுடுங்க. ஒரு சாமானை நிறைய வெச்சிருக்கறதே குற்றம் கிடையாது. அத்தியாவசியப் பொருள் சட்டத்துல அந்த சாமான் இருக்கணும், அதுக்கு விலையோ ஸ்டாக் அளவோ அரசாங்கம் உத்தரவு போட்டிருக்கணும், அதை மீறினாத்தான் குற்றம். மாஸ்க்கும் சானிடைசரும் 2020 மார்ச் 13-ல அந்த லிஸ்ட்ல வந்துச்சு, மார்ச் 21-ல மூணு லேயர் மாஸ்க்குக்கு கடை விலை 10 ரூபாய்க்கு மேல போகக் கூடாதுன்னாங்க, ஜூன் 30-ஓட அது முடிஞ்சு போச்சு. நீங்க 9 ரூபாய்க்கு கொடுத்ததா எழுதியிருக்கீங்க, அதுலயும் பிரச்சினை இல்ல.

ஆனா தேதியை மாத்தி ஒட்டறது வேற கதை. அது சுத்தமான மோசடி, அதோட மெடிக்கல் மாஸ்க்ங்கறது மருத்துவ சாதனம்ங்கற கணக்குல மருந்து சட்டத்துக்குள்ள வரும். கேஸை விடுங்க, அந்த மாஸ்க் வேலை செய்யும்னும் நம்ப முடியாது. நடு லேயர்ல இருக்கற மெல்ட்ப்ளோன் துணி வெறும் சல்லடை மாதிரி வடிகட்டறதில்லை, அதுல ஏத்தி வெச்சிருக்கற நிலை மின்சாரம்தான் துகளை இழுத்துப் பிடிக்கும். நம்ம ஊர் குடோன் வெக்கைலயும் ஈரத்துலயும் அஞ்சு வருஷம் கிடந்தா அந்த சார்ஜ் குறைஞ்சு போயிருக்கலாம், காது ரப்பரும் இழுத்தா அப்படியே வரலாம். ஒரு பெட்டியைப் பிரிச்சு நீங்களே இழுத்துப் பாருங்க. அதை ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ் போட்டுட்டு நிக்கறதை நினைச்சுப் பார்த்தீங்கன்னா நான் மேல சொல்ல வேண்டியதில்லை. அதெல்லாம் பாலிப்ரொப்பிலீன், மூக்குக் கம்பியை உருவிட்டு கிலோ கணக்குல ரீசைக்ளிங்காரங்ககிட்ட போட்டுடுங்க, அதையும் பேங்க் காதுல போட்டுட்டு. மாஸ்க்குக்கு வாங்கினதுல மீதி இருக்கற நான்-ஓவன் (நெய்யாத பிளாஸ்டிக் துணி) ரோலை கைப்பையா தைச்சு வித்துடலாம்னு அடுத்த யோசனை வரும் பாருங்க, 2019 ஜனவரி 1-ல தமிழ்நாட்டுல போட்ட பிளாஸ்டிக் தடை லிஸ்ட்ல நான்-ஓவன் பையும் இருக்கு, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

"அடுத்த தட்டுப்பாடு வந்தா வித்துடும்"

இங்கதான் கொஞ்சம் நிதானமா பேசணும், ஏன்னா உங்க வீட்டுல எல்லா தப்பும் இந்த ஒரு நினைப்புல இருந்துதான் கிளம்பியிருக்கு. வக்கீல் எதுக்கு வியாபாரம் பேசறான்னு கேட்காதீங்க, இருபது வருஷமா திவாலான வியாபாரத்தோட ஃபைலைப் படிச்சுதான் சாப்பிடறேன்.

ஒரு தெருவுல 40 வீடு, மாசம் வீட்டுக்கு ஒரு பாக்கெட் சோப்புத்தூள்னு வெச்சுக்கோங்க. வரப்போறதில்லைன்னு ஒரு வாட்ஸ்அப் வந்துச்சு, எல்லாரும் மூணு மூணா வாங்கினாங்க. கடைக்காரர் மாசம் 40 விக்கறவர் ரெண்டே நாள்ல 120 வித்துட்டு, அடுத்து 200 ஆர்டர் போடறார். ஏரியா டீலர் பத்து கடையில இப்படி வந்ததும் பயந்துட்டு இன்னும் ரெண்டு மடங்கா கம்பெனிக்கு எழுதறார். கம்பெனிக்காரன் பார்த்தா ஊரே சோப்புத்தூள் தின்ன ஆரம்பிச்ச மாதிரி இருக்கும். ஆனா தெருவுல துவைக்கற துணி ஒண்ணு கூட ஏறலை. அடுத்த ரெண்டு மாசம் ஒருத்தரும் வாங்க மாட்டாங்க, வீட்டுல இருக்கு. அவசரத்துல நடந்த வியாபாரம் பாதிக்கு மேல அடுத்த மாச வியாபாரத்தை இந்த மாசமே பண்றதுதான்.

இதுல அள்ளி வாங்கற சனத்தை முட்டாள்னு சொல்ல மாட்டேன். 2020 ஏப்ரல் 24-ம் தேதி, சென்னை, கோவை, மதுரைக்கு நாலு நாள், நம்ம திருப்பூர், சேலத்துக்கு மூணு நாள், 26-ல இருந்து முழு ஊரடங்குன்னு அறிவிச்சாங்க. 25-ம் தேதி ஒரு நாள்தான் கையில. கோயம்பேட்டுல கூடின கூட்டம் ஞாபகம் இருக்கும். அன்னைக்கு வீட்டுல அரிசி இல்லாதவன் ஓடாம என்ன பண்ணுவான்? ஒவ்வொருத்தரும் தன் அளவுல சரியாத்தான் யோசிக்கறாங்க, மொத்தமா சேரும்போதுதான் கோளாறு.

மாஸ்க்குக்கு நிஜமாவே தேவை இருந்துச்சே, அது வதந்தி இல்லையேன்னு கேட்பீங்க. இருந்துச்சு. 2020 மார்ச்சுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கான அந்த முழு கவரால் நம்ம நாட்டுல சொல்லிக்கற மாதிரி யாருமே செய்யலை. மே மாசம், ஒரு நாளைக்கு நாலரை லட்சம் செய்யறோம்னு மத்திய அரசு சொல்லுச்சு. கோயமுத்தூர் அவிநாசி ரோட்டுல இருக்கற சிட்ரா (ஜவுளி ஆராய்ச்சி நிலையம்) வாசல்ல சாம்பிளைத் தூக்கிட்டு நின்னவங்க நம்ம ஆளுங்கதான், அந்தத் துணி மேல செயற்கை ரத்தத்தை அடிச்சு ஊடுருவுதான்னு பார்க்கற சோதனைக்கு ஆரம்பத்துல நாடே அங்கதான் வரணும். பெரிய சாதனைதான், அதை யாரும் குறைச்சு சொல்ல முடியாது. ஆனா நாட்டுக்கு ஆறு மாசம் ஓடற தொழில் போதும், 32 லட்சம் லோன் போட்டவனுக்கு ஏழு வருஷம் ஓடணும். இந்த ரெண்டு கணக்கையும் ஒண்ணுன்னு நினைச்சதுதான் உங்க வீட்டுக்காரங்க பண்ண தப்பு.

அமெரிக்காவுல டெக்சாஸ்ல பிரெஸ்டீஜ் அமெரிடெக்னு ஒரு மாஸ்க் கம்பெனி. 2009-ல பன்றிக்காய்ச்சல் வந்தப்ப ஊரே வந்து கெஞ்சுச்சு, அவங்களும் பெரிய ஃபேக்டரி வாங்கி, மெஷின் போட்டு, 150 பேரைப் புதுசா எடுத்தாங்க. காய்ச்சல் அடங்கினதும் வாங்கினவன் எல்லாம் திரும்ப சீனா சரக்குக்குப் போயிட்டான், ஆளை அனுப்பிட்டு கம்பெனி திவால் ஆகற நிலைமைக்கு வந்துச்சு. 2020-ல கொரோனா வந்து மறுபடி கெஞ்சினப்ப அவங்க சூடு கண்ட பூனை, பல வருஷத்துக்கு வாங்கறேன்னு அக்ரிமெண்ட் போடு, அப்புறம் மெஷினை ஓட்டறேன்னாங்க. பதினோரு வருஷம் கழிச்சுத்தான் அடுத்த தட்டுப்பாடு வந்துச்சுங்கறதையும் கவனிங்க. உங்க பேங்க் பதினோரு வருஷம் பொறுக்காது.

2025 ஜனவரில ஹெச்எம்பிவின்னு ஒரு வைரஸ் பத்தி நியூஸ் வந்ததும் ரெண்டு வாரம் போன் அடிச்சுது, கொழுந்தனார் ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு கடன்ல மூலப்பொருள் இறக்கினார், அப்புறம் போனே வரலைன்னு எழுதியிருக்கீங்கள்ல. அந்த வைரஸை 2001-லயே கண்டுபிடிச்சிட்டாங்க, புதுசே கிடையாது. டிவில பயந்தாங்க, கடையில வாங்கலை, அவ்வளவுதான்.

அப்ப நம்ம நாட்டுலயே செய்யறது தப்பா?

தப்பே இல்ல. பொம்மைத் தொழிலைப் பாருங்க. 2020 பிப்ரவரில இறக்குமதி வரியை 20-ல இருந்து 60 சதவீதமா ஏத்தினாங்க, பின்னாடி 70 ஆச்சு, 2021 ஜனவரி 1-ல இருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மை விக்கக் கூடாதுன்னு வந்துச்சு. அந்தத் தொழில்ல இறங்கினவங்களுக்கு கொஞ்சம் மூச்சு கிடைச்சுது. சின்ன யூனிட்டுக்காரங்க டெஸ்டிங் செலவுக்கு அழுதாங்க, அது தனிக் கதை. விஷயம் என்னன்னா, பொம்மைக்கு வருஷா வருஷம் குழந்தை பொறக்குது, தேவை நிக்கறதில்லை, அதுக்கு மேலதான் வரியும் முத்திரையும் வந்து உக்காருது. மாஸ்க்குக்கு தேவை நின்னு போச்சு, அப்புறம் எந்த முத்திரையும் காப்பாத்தாது.

உங்களுக்கு வந்த அடியும் இன்னொரு நாட்டோட "எங்க ஊர்லயே செய்யணும்" ஆசைல இருந்து பாதி வந்ததுதான். அந்த 50 சதவீதத்துல 25 அதுக்கு, மீதி 25 ரஷ்யா எண்ணெய் வாங்கறோம்னு போட்டது. வாஷிங்டன்ல போட்ட கையெழுத்துக்கு அவிநாசில தவணை விட்டுப் போகுது, என்னத்தைச் சொல்றது.

சரி, நாப்கின். தேவை நிலையா இருக்கற சாமான்தான், அந்த அளவுக்கு கொழுந்தனார் யோசிச்சது சரி. ஆனா மூணு விஷயம் அவருக்கு யாரும் சொல்லலை. 2018 ஜூலைல நாப்கினுக்கு ஜிஎஸ்டியை பூஜ்ஜியம் ஆக்கினாங்க, நல்ல முடிவுதான், ஆனா விக்கறதுக்கு வரி இல்லைன்னா வாங்கற மூலப்பொருளுக்கும் மெஷினுக்கும் கட்டின வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அது உங்க அடக்க விலைல ஏறிடும். மூலப்பொருள்ல பல்ப்பும், ஈரத்தை உறிஞ்சற ஜெல் பொடியும் பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு, மறுபடி அடுத்தவன் கையை எதிர்பார்த்து நிக்கணும். மூணாவது, கடை ரேக்ல ஏற்கெனவே பெரிய பிராண்ட் உக்காந்திருக்கு. குறைஞ்ச விலை நாப்கின் மெஷின் கண்டுபிடிச்ச கோயமுத்தூர் முருகானந்தத்தோட மெஷின் ஜெயிச்சதே அந்த ரேக்குக்குப் போகாததாலதான், மகளிர் குழுக்கள் செஞ்சு அக்கம்பக்கத்துல அவங்களே வித்தாங்க.

எனக்கு நாப்கினை விட அந்த "திருப்பி வாங்கிக்கறோம்" அக்ரிமெண்ட் மேலதான் பயம். பேப்பர் கப்பு, கற்பூரம், அகர்பத்தின்னு இந்த மாதிரி நான் பார்த்த கேஸ்ல மெஷின் விக்கறவனுக்கு லாபம் மெஷின்லயே வந்துடும். மொத ரெண்டு லாட்டை எடுப்பான், மூணாவதுல குவாலிட்டி சரியில்லைன்னுவான், நாலாவதுக்கு போன் எடுக்க மாட்டான். அக்ரிமெண்ட்ல "எங்கள் தர நிர்ணயத்துக்கு உட்பட்டு"ன்னு ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்க. பெருந்துறை உங்களுக்கு எவ்வளவு தூரம்? இதே மாதிரி திருப்பி வாங்கிக்கறோம்னு சொன்ன கம்பெனியை நம்பி, 2012-ல ஈமு கோழில பணத்தை விட்ட சொந்தக்காரங்க யாராவது இல்லாமலா இருப்பாங்க, அவங்ககிட்ட கொழுந்தனாரை ஒரு மணி நேரம் உக்கார வைங்க.

வராத 9 லட்சம்

இதை நீங்க "போனது போச்சு"ன்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க. முடிக்க வேண்டாம். பதிவு பண்ணின சிறு தொழில்கிட்ட சரக்கு வாங்கினவங்க அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் கொடுக்கணும், அக்ரிமெண்ட் எதுவும் இல்லைன்னா 15 நாள். தவறினா ரிசர்வ் பேங்க் வங்கி வட்டி விகிதத்துக்கு மூணு மடங்கு, மாசா மாசம் கூட்டு வட்டி. இதுக்குன்னு கோயமுத்தூர்ல சிறு தொழில் வசதியாக்க மன்றம் இருக்கு, ஆன்லைன்லயே மனு போடலாம். சரக்கு கொடுக்கறதுக்கு முன்னாடியே பதிவு இருக்கணும், நீங்க 2017-லயே உத்யோக் ஆதார் எடுத்திருக்கீங்க, அதை பின்னாடி உத்யமாவும் மாத்தியிருக்கீங்க, அது நல்லதாப் போச்சு.

சிக்கல் காலக்கெடு. மூணு வருஷத்துக்குள்ள கேட்கணும். கொரோனா சமயத்துல 2022 பிப்ரவரி 28 வரைக்கும் இருந்த நாளை சுப்ரீம் கோர்ட் கணக்குல சேர்க்க வேண்டாம்னு சொன்னதால உங்களுக்கு 2025 பிப்ரவரி கடைசி வரைக்கும் டைம் இருந்துச்சு, அது தாண்டிடுச்சு. ஆனா உங்க லெட்டர்ல மூணாம் பக்கத்துல ஓரத்துல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, 2023 தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி அந்த ஆளு 25,000 ஜிபே போட்டு, "பாக்கி பொங்கலுக்குள்ள செட்டில் பண்றேன் அண்ணா"ன்னு வாட்ஸ்அப் அனுப்பினார்னு. அந்த ஒரு மெசேஜ் தங்கம். கெடு முடியறதுக்கு முன்னாடி கொஞ்சம் பணம் கட்டி, பாக்கி இருக்குன்னு எழுத்துல ஒத்துக்கிட்டா அன்னைல இருந்து மூணு வருஷம் புதுசா ஆரம்பிக்கும். வாட்ஸ்அப் எழுத்தா இல்லையான்னு அவங்க வக்கீல் சண்டை போடுவார், போடட்டும், வாதாட நல்ல பாயிண்ட் நம்மகிட்ட இருக்கு. 2026 நவம்பர் தொடக்கத்துல அதுவும் முடியும். அந்த போனை பத்திரமா வைங்க, ஜிபே விவரத்துக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுங்க, வீட்டுக்காரர் புது போன் மாத்தறேன்னு சாட்டை அழிச்சிடப் போறார்.

உங்க சைட், உங்க கையெழுத்து

அப்பா உங்களுக்குக் கொடுத்த சைட் முழுக்க உங்களோடது. வீட்டுக்காரருக்கோ கொழுந்தனாருக்கோ அதுல உரிமை இல்ல. நீங்க பார்ட்னரும் இல்ல, எந்த லோன்லயும் ஜாமீனும் போடலைன்னு சொல்றீங்க, அப்படின்னா இன்னைக்கு தேதில இந்தக் கடனுக்கு உங்க சொத்தைத் தொட யாராலயும் முடியாது. அந்த ஒரு பாதுகாப்பும் போற அன்னைக்குத்தான் குடும்பம் மொத்தமா ரோட்டுக்கு வரும். அதனால கையெழுத்து போடாம இருக்கறதை துரோகம்னு நினைக்காதீங்க, எல்லாரும் ஒரே படகுல ஏறிட்டா கரைல இருந்து கயிறு போட ஆள் வேணும்ல.

நேரா "மாட்டேன்"னு சொன்னா சண்டை வரும்னா, ஒரு கணக்கு கேளுங்க. நாப்கின் மெஷின்ல மாசம் எவ்வளவு ஓடும், திருப்பி வாங்கறவன் வாங்கலைன்னா வேற யார் வாங்குவாங்க, ரெண்டு கடைக்காரர் பேரை எழுதிக் கொடுங்க, நான் யோசிக்கிறேன்னு சொல்லுங்க. ஊர் பயந்து ஓடி வராத ஒரு சாதாரண செவ்வாக்கிழமை அந்த ரெண்டு கடையில எவ்வளவு விக்குதுன்னு அவரே போய் பார்த்துட்டு வரட்டும். பனியன் மெஷின் 14-ம் இருக்கு, தைக்கத் தெரிஞ்ச கை இருக்கு, உள்ளூர் பிராண்டுக்காரங்க ஆர்டர் சின்னதா இருந்தாலும் அமெரிக்கா வரிக்கு ஆடாது, அதைத் தேடறதுல அவர் அலைச்சலைப் போடட்டும்.

இந்த வாரம் ஒரு நாள், நோட்டீஸ், லோன் பேப்பர், உத்யம் சர்டிபிகேட், அந்த வாட்ஸ்அப் இருக்கற போன் நாலையும் எடுத்துட்டு உங்க ஊர்ல கடன் மீட்புத் தீர்ப்பாயத்துல பழக்கம் இருக்கற வக்கீல் ஒருத்தரைப் பாருங்க. செலவுக்கு வழியில்லைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல பெண்களுக்கு வருமானம் பார்க்காம இலவசமா வக்கீல் கொடுப்பாங்க. மாமியாரையும் கூடக் கூட்டிட்டுப் போங்க, நோட்டீஸ்ல அவங்க பேரும் இருக்கு, பதில்ல அவங்க கையெழுத்தும் வேணும்.